அரை கிரவுண்டில் இடித்துக் கட்டுவோருக்கு: மழைநீர் போகும் வழியை முதலில் காகிதத்தில் கேளுங்கள்

சென்னை மடிப்பாக்கத்தில் என் தந்தையார் 1986-இல் கட்டிய வீட்டை இடித்துவிட்டு, அதே அரை கிரவுண்டில் தரைத்தளமும் முதல் தளமுமாகப் புது வீடு கட்டும் பொறுப்பை ஒரு கான்ட்ராக்டரிடம் ஒப்படைத்தேன். பழைய தாரைச் சுரண்டாமலே தெருவுக்கு மேலே மேலே சாலை போட்டதில், எங்கள் பழைய தரை தெருவைவிட ஒன்றரை அடி பள்ளத்தில் கிடந்தது. 2015 டிசம்பரிலும், 2023-இல் மிக்ஜாம் புயலின்போதும் கட்டில் கால் மறையத் தண்ணீர் நின்றது. மறுபடி அந்த நிலை வரக்கூடாது என்பதற்காகவே கடன் வாங்கிக் கட்டினோம்.

"எஃப்.எஸ்.ஐ. 2 இருக்கு சார், 1,200 சதுர அடி மனையில் 2,400 வரை கட்டலாம்" என்று அவர் முதல் நாளே சொன்னார். மனைப் பரப்பைப்போல் இரண்டு மடங்கு வரை கட்டலாம் என்னும் அந்த எண் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டிட விதிகளில் இருப்பது உண்மைதான். ஆனால் சிறிய மனையில் வீட்டின் அளவை முடிவு செய்வது அந்த எண்ணல்ல, சுற்றிலும் கட்டாமல் விட வேண்டிய இடமான செட்பேக் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் மனை 30-க்கு 40 அடி. அனுமதிக்காகப் பதிவேற்றிய வரைபடத்தில் நான்கு புறமும் ஐந்தடி விட்டு, ஒரு தளம் 600 சதுர அடி என்று காட்டியிருந்தார். தரையிலோ இருபுறமும் மூன்றடி மட்டும் விட்டு 720 சதுர அடிக்குக் கட்டி, அதற்கே சதுர அடிக் கணக்கில் பணமும் வாங்கினார்.

2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு வீட்டுக்காரரே உறுதி சொல்லி இணையத்தில் அனுமதி பெறும் சுயசான்று முறை 2024 ஜூலையில் வந்தது. அலைச்சலைக் குறைத்த நல்ல ஏற்பாடு அது. அதில் நான் குறை காணவில்லை. ஆனால் அனுமதிக்கு முன் யாரும் வந்து பார்ப்பதில்லை என்பதால், வரைபடப்படிதான் கட்டுவேன் என்ற உறுதிமொழி வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. என் கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி.யை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, அந்த வரைபடத்தை வேலை முடியும் வரை அவர் என் கண்ணில் காட்டவில்லை.

பேஸ்மட்டத்தை, அதாவது வீட்டுத் தரையை, தெருவைவிட மூன்றடி உயர்த்தியது சரியான வேலைதான். அதோடு நிற்காமல், இடித்த வீட்டின் ரப்பிஷைக் கொட்டிப் பக்கவாட்டுச் சந்துகளையும் உயர்த்தி, மேலே சிமெண்ட் தளம் போட்டு, தண்ணீர் ஓடும் சரிவான வாட்டத்தைத் தெருப்பக்கம் கொடுக்காமல் காம்பவுண்ட் சுவர் பக்கம் கொடுத்துவிட்டார். செட்பேக் வெறும் காலியிடம் அல்ல. சின்ன மனையில் மழைநீர் தெருவுக்குப் போவதற்கும் மண்ணில் இறங்குவதற்கும் மிஞ்சியிருக்கும் ஒரே இடம் அது. எங்கள் மொட்டை மாடியில் மட்டும் 10 சென்டிமீட்டர் மழைக்கு ஏறத்தாழ 6,700 லிட்டர் தண்ணீர் விழும். அவ்வளவையும் மூன்றடிச் சந்துக்குத் தள்ளினால் அது எங்கே போகும்?

முதல் பருவமழையின் இரண்டாம் நாள், விடியற்காலையில் பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டினார். "தம்பி, உங்க வீட்டுத் தண்ணி என் அடுப்படிக்கு வருதுப்பா" என்றார், அவ்வளவுதான். போய்ப் பார்த்தேன். சுவரும் தரையும் சேரும் விளிம்பில் நீர் கசிந்து ஓடிக்கொண்டிருந்தது. அரிசி டின்னை நான்கு செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்தார். நாற்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்பிய அடுப்படி அது.

அதே நேரம் எங்கள் தரைத்தளக் கழிப்பறையில் சாக்கடை எதிர்த்து வந்தது. பிளம்பரை அழைத்து, கழிவுநீர்க் குழாய்கள் சேரும் தொட்டியான சேம்பரைத் திறந்தபோதுதான், மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயைக் கழிவுநீர்க் குழாயோடு இணைத்திருப்பது தெரிந்தது. தெருவின் கழிவுநீர்க் குழாய் மழைநீரைச் சுமப்பதற்கானது அல்ல. நிறைந்தால், மிகத் தாழ்வாக இருக்கும் வாய் வழியே வீட்டுக்குள் திரும்பும். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயமான மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டியாவது இருக்கிறதா என்று அதன் மூடியை நெம்பினோம். ஒன்றரை அடிப் பள்ளம், அதில் மூட்டையோடு இறுகிப்போன சிமெண்ட், மேலே கொஞ்சம் ஜல்லி. களிமண் பகுதியான எங்கள் ஊரில், நன்றாக வெட்டிய குழியிலேயே தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். ஆழமான உறைகிணறு தேவை என்று பேசி, கான்ட்ராக்டர் அதற்கென்றே தனியாகப் பணம் வாங்கியிருந்தார்.

கேட்டதற்கு, "சுயசான்றில் கையெழுத்து உங்களுடையது சார்" என்றார். மேல்தளக் கான்கிரீட் போட்ட அன்றே ஏறக்குறைய முழுப் பணமும் கொடுத்து முடித்திருந்ததால், அவரைத் திரும்ப வரவழைக்க என் கையில் எதுவும் இல்லை. ஒப்பந்தத்தில் டைல்ஸின் பிராண்ட் வரை எழுதியிருந்தது. தெரு மட்டம், பேஸ்மட்டம், சேம்பர் மட்டம், வாட்டம் எந்தப் பக்கம் என்பதில் ஒரு வரிகூட இல்லை.

அஸ்திவாரம் தோண்டும் முன்பே இந்த மட்டங்களைக் குறித்த ஒரு தாளையும், பதிவேற்றிய வரைபடத்தையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டும் நாளில் டேப் பிடித்து நீங்களே செட்பேக்கை அளந்து பாருங்கள். உறைகிணற்றையும் குழாய்களையும் மூடுவதற்கு முன் படம் எடுங்கள். கடைசித் தவணையில் ஒரு பங்கை முதல் பெருமழை வரை நிறுத்தி வைக்க ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

இப்போது சந்தின் சிமெண்ட் தளத்தை உடைத்து, தெருவை நோக்கி வாட்டம் வைத்து, மழைநீர்க் குழாயைப் புது உறைகிணற்றுக்குத் திருப்பியிருக்கிறோம். அந்த அம்மாவின் அடுப்படிச் சுவருக்கு என் செலவில் பூச்சு வேலை நடக்கிறது. செட்பேக்குக்குள் இரண்டடி வந்துவிட்ட எங்கள் வீட்டுச் சுவருக்கு மட்டும் எந்த வழியும் தெரியவில்லை.