படலையும் பொட்டும்: எல்லை திறப்பு உடன்படிக்கைகளோடு பன்னிரண்டு வருடப் பழக்கம்

ஒரு நாட்டைச் சுற்றுச் சுற்றாகக் கட்டியெழுப்பும் சிவிலைசேஷன் வரிசைக் கணினி விளையாட்டுகளில் அயல்நாட்டுத் தலைவர் திரையில் தோன்றி, எல்லைகளை ஒருவருக்கொருவர் திறந்துவிடுவோமா என்று கேட்கும் தருணம் மிகச் சாதாரணமானதாகவே தெரியும். அவர் பொன் கேட்பதில்லை, நகரம் கேட்பதில்லை, மிரட்டுவதுமில்லை. அதனால் புதிதாக விளையாடுபவர்கள் யோசிக்காமலே சம்மதிக்கிறார்கள், அல்லது யோசிக்காமலே மறுக்கிறார்கள். 2013 ஆம் ஆண்டு கிளிநொச்சியில் ஒரு பழைய மடிக்கணினியை வாங்கி இந்த விளையாட்டைத் தொடங்கிய நான் இரண்டையும் செய்து, இரண்டிலும் தோற்றிருக்கிறேன். கேட்கிற அயலவன் நல்லவனா கெட்டவனா என்று பார்த்து முடிவெடுத்த தடவைகளில் பெரும்பாலும் பிழைவிட்டேன். எனக்குப் பின்னால் ஆளில்லாத நிலம் எவ்வளவு கிடக்கிறது, அந்த வழியால் யார் முதலில் நடப்பார்கள் என்று பார்த்து முடிவெடுத்த தடவைகளில்தான் கணக்குச் சரிவந்தது. அந்தக் கணக்கு விளையாட்டின் பதிப்புக்குப் பதிப்பு எப்படி மாறுகிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.

நான் பழகியது 2005 இல் வெளிவந்த நான்காம் பதிப்பில். அதில் எழுத்துக்கலையைக் கண்டறிந்த பின்னரே இந்த உடன்படிக்கை கைக்கு வரும். அது எப்போதும் இருவழியானது; நான் அவன் நிலத்தில் நடக்கலாம் என்றால் அவனும் என் நிலத்தில் நடப்பான். முதல் சில ஆட்டங்களில் நான் எவருக்கும் திறக்கவில்லை. வன்னியில் வளர்ந்தவனுக்கு மூடிய எல்லையே இயல்பானதாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் என் கருவூலம் எப்போதும் வறண்டே கிடந்தது. அறிவியலில் அயலவர்கள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். காரணம் பல மாதங்கள் கழித்துத்தான் விளங்கியது: அந்தப் பதிப்பில் எல்லை திறக்காத நாட்டின் நகரங்களோடு வணிகப் பாதை அமையாது. என் நகரங்கள் தங்களுக்குள்ளேயே கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தன. வெளிநாட்டு நகரங்களோடு இணையும் பாதை உள்நாட்டுப் பாதையைவிடக் கூடுதலாகத் தரும், வேறு கண்டத்து நகரமானால் இன்னும் கூடுதலாகத் தரும் என்பதை அறிந்த பிறகு, மறுப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது என்று புரிந்தது. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 2002 இல் திறந்தபோதும் 2006 ஓகஸ்ட் மாதத்தில் அது மறுபடி மூடப்பட்டபோதும் எங்கள் வீட்டில் அதை முதலில் உணர்ந்தது சீனியின் விலையில்தான். அதைக் கண்ணால் கண்டிருந்தும் விளையாட்டில் அது எனக்கு உறைக்க அவ்வளவு காலம் பிடித்தது வெட்கம்தான்.

பிறகு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் திறந்தேன். ஓர் ஆட்டத்தில் என் மூன்று நகரங்களும் ஒரு நிலக்கழுத்தின் குறுக்கே அமைந்திருந்தன. அவற்றுக்குப் பின்னால் ஆறும் இரும்பும் உள்ள நல்ல நிலம் ஆளின்றிக் கிடந்தது. என் பண்பாட்டு எல்லை அந்தக் கழுத்தை முழுதாக மூடியிருந்ததால் எதிராளி எவனும் உள்ளே வர முடியாது. அந்த நிலத்தை ஆறுதலாகப் பிடிக்கலாம் என்று விட்டுவைத்திருந்தேன். அந்த வேளையில்தான் அயல்நாட்டுத் தலைவன் மொன்டெசூமாவின் கோரிக்கைக்குச் சம்மதித்தேன். அடுத்த பத்துச் சுற்றுக்குள் அவனுடைய இரண்டு செட்லர்கள் (புது நகரம் அமைக்கும் குடியேறிகள்), ஆளுக்கொரு காவலனோடு, என் வீதி வழியாகவே நடந்து போய் அந்த ஆற்றங்கரையில் நகரம் அமைத்தார்கள். வீதியைப் போட்டதும் நான்தான்.

பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் மகன் அப்போது ஏழாம் வகுப்பு. "மாமா, நீங்களே பொட்டு வெட்டி விட்டிட்டு இப்ப மாட்டைக் கலைக்கிறியள்" என்றான். எங்கள் பக்கத்தில் வேலியின் வாயிற்கதவைப் படலை என்போம், வேலியில் ஆள் நுழையும் ஓட்டையைப் பொட்டு என்போம். பொட்டு ஆளுக்காக வெட்டப்படுவது. ஆனால் அதன் வழியாக முதலில் உள்ளே வருவது பெரும்பாலும் கட்டாக்காலி மாடுதான். எல்லை திறப்பை நண்பனுக்கான மரியாதையாகவே அதுவரை நினைத்திருந்த எனக்கு, அது யார் பெயரில் எழுதப்பட்டாலும் அவனிடம் அன்றைக்குக் கையில் என்ன இருக்கிறதோ அதுவே உள்ளே வரும் என்பதை அந்தப் பையன் காட்டித்தந்தான். தொடக்க காலத்தில் எல்லோரிடமும் இருப்பது செட்லர்தான். ஆகவே நிலம் மிச்சமிருக்கும்வரை, அதுவும் அந்த நிலத்துக்கான ஒரே வழி என்னூடாகப் போகும்வரை, வணிக வருமானம் எவ்வளவு வந்தாலும் நான்காம் பதிப்பில் அந்தப் பக்கத்து அயலவனுக்கு நான் திறப்பதில்லை. மறுபக்கத்தில், என் நிலத்தைக் கடந்தாலும் அவனுக்குப் பிடிக்க எதுவும் இல்லாத அயலவனுக்கு முதல் நாளே திறந்துவிடுகிறேன். வருமானமும் குறையாது, காலப்போக்கில் அவனுடைய மனப்பான்மையிலும் சிறிது நன்மை சேரும்.

புதியவர்கள் மிகவும் அஞ்சுவது திடீர்த் தாக்குதலுக்கு. படையை உள்ளே அனுப்பித் தலைநகருக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போர் அறிவிப்பான் என்று நினைக்கிறார்கள். நான்காம் பதிப்பிலும் ஐந்தாம் பதிப்பிலும் அது நடக்காது. போர் அறிவித்த கணமே உடன்படிக்கை முறிந்து, உள்ளே நின்ற படைகள் எல்லைக்கு வெளியே தள்ளப்படும். என்னைக் கெடுத்தது இதைவிட மெதுவான ஒன்று: மூன்றாம் ஆள். நான்காம் பதிப்பில் ஒவ்வொரு தலைவருக்கும் ஒரு பரம விரோதி இருப்பான். அந்த விரோதியோடு நான் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தால் முதலாமவன் என்மீது மனம் கசப்பான். சில வேளை நேரே வந்து, அவனோடு உள்ள எல்லாத் தொடர்பையும் நிறுத்து என்று கேட்பான். நிறுத்தினால் எல்லை திறப்பும் அதனோடு வணிகப் பாதைகளும் போகும். மறுத்தால் மறுத்ததற்கென்றே ஒரு புள்ளி குறைப்பான். இந்தச் சிக்கலுக்கு நல்ல விடை கிடையாது, தாமதமான விடைதான் உண்டு: யார் யாருக்கு விரோதி என்பது தெளிவாகும்வரை எல்லோருக்கும் ஒரேயடியாகத் திறக்காமல், நிலத்தொடர்புள்ள ஒருவரோடு மட்டும் தொடங்குவது. இரண்டு வல்லரசுகளுக்கு நடுவே நான் அகப்பட்ட ஓர் ஆட்டத்தில், இருவருக்கும் திறந்துவிட்டு இருவரிடமும் கசப்பை வாங்கிக்கொண்டேன். கடைசியில் படையோடு வந்தது எனக்கு அதிகம் வருமானம் தந்தவன்தான்.

ஐந்தாம் பதிப்புக்கு மாறியபோது, பழைய பழக்கத்தில் பாதியைக் கழற்றி வைக்க வேண்டியிருந்தது. இங்கே குடிமைச் சேவை என்ற தொழில்நுட்பத்தின் பின்னரே உடன்படிக்கை திறக்கும். அதற்குள் நல்ல நிலம் பெரும்பாலும் முடிந்துவிடும். அனுமதி ஒருவழியாகவும் கொடுக்கலாம், அதாவது அது ஒரு விற்பனைப் பண்டமாகிவிட்டது. சாதாரண வேகத்தில் அதன் ஆயுள் 30 சுற்று. அயலவனோடு பகையில்லாத காலத்தில் அவன் இதற்கு ஏறத்தாழ 50 பொன் கொடுத்துவிடுவான். அவனுக்கு விற்பதற்கு வேறொன்றும் இல்லாத வேளையில் நான் பல ஆட்டங்களில் இதை 30 சுற்றுக்கு ஒருமுறை விற்று வந்தேன். பிறகு அந்த 50 பொன்னுக்கு நான் கொடுத்த உண்மையான விலை தெரிந்தது. ஐந்தாம் பதிப்பில் வரைபடத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரேயொரு படைப்பிரிவுதான் நிற்கலாம். யாரோடோ சண்டைக்குப் போகிற அவனுடைய ஈட்டிக்காரர்களும் கவண்பொறிகளும் என் வீதியை அடைத்துக்கொண்டு நிற்க, என் சொந்தப் படை என் சொந்த நகரத்தைக் காக்கச் சுற்றுவழியில் போனது. கூட்டுறவுச் சங்கத்துக்கு முன்னால் உழவு இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

2013 இல் வந்த பிரேவ் நியூ வேர்ல்ட் விரிவாக்கம்தான் இந்த உடன்படிக்கையின் பொருளையே திருப்பிப் போட்டது என்பது என் கருத்து. அதில் பண்பாட்டு வெற்றிக்கு, மற்ற எல்லா நாடுகளின் திரண்ட பண்பாட்டையும் என் சுற்றுலாச் செல்வாக்கு முந்த வேண்டும். ஒரு நாடு எனக்கு எல்லையைத் திறந்திருந்தால் அந்த நாட்டின்மீது என் சுற்றுலா 25 வீதம் கூடும். வணிகப் பாதைக்கு இன்னொரு 25, ஒரே மதமானால் இன்னொரு 25. பெரும்பாலான நாடுகள் எப்படியும் முந்தப்பட்டுவிடும். எப்போதும் ஒருவன் மட்டும், பண்பாட்டை மலைபோலக் குவித்தவன், எட்டாமல் நிற்பான். அந்த ஒருவனிடம் அனுமதி வாங்குவதற்காக மட்டும் ஆட்டத்தின் கடைசி நூறு சுற்றில் என்ன விலையும் கொடுக்கலாம். தொடக்கத்தில் அவன் என்னிடம் நடக்க அனுமதி கேட்டதும், முடிவில் நான் அவனிடம் கெஞ்சுவதும் ஒரே உடன்படிக்கைதான்.

அதே காலத்தில்தான் அகழ்வாராய்ச்சியாளர்களும் வருகிறார்கள். தொல்லியல் இடங்கள் வரைபடத்தில் தெரியத் தொடங்கியதும், எல்லை திறந்த நாடுகளின் அகழ்வாளர்கள் என் நிலத்துக்குள்ளேயே வந்து என் பழம்பொருளைத் தோண்டிக்கொண்டு போவார்கள். அது தெரியாமல், 50 பொன்னுக்கு விற்ற பழைய அனுமதி இன்னும் ஓடிக்கொண்டிருந்த ஓர் ஆட்டத்தில் மூன்று இடங்களை இழந்தேன். அன்றிலிருந்து தொல்லியல் கண்டறியப்படும் சமயத்தில் எந்த விற்பனையும் நடைமுறையில் இல்லாதபடி 30 சுற்று முன்பே நிறுத்திக்கொள்கிறேன். எங்கள் ஊரில் காலபோக நெற்செய்கைக்கு முன்னர் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், விதைப்பு நாளோடு சேர்த்து, வயல் வெளியிலிருந்து மாடுகளை அப்புறப்படுத்த வேண்டிய கடைசி நாளையும் தீர்மானிப்பார்கள். அறுவடை முடிந்த வயலில் மாடு மேய்வதை எவரும் குறைசொல்வதில்லை. நானும் இப்போது ஆட்டத்தின் நடுவே கையில் ஒரு கொப்பியை வைத்து, எந்த அனுமதி எந்தச் சுற்றில் முடிகிறது என்று குறித்துக்கொள்கிறேன். விளையாட்டே இதைக் கண்ணில் படும்படி நினைவூட்டியிருக்கலாம்.

ஆறாம் பதிப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முற்காலப் பேரரசு என்ற குடிமைக் கொள்கையை ஒரு நாடு எட்டும்வரை அதன் எல்லை தானாகவே திறந்திருக்கும். ஆகவே முதல் ஐம்பது சுற்றில் ஸ்கவுட்டை (வேவுக்காரனை) வேகமாக ஓட்டி, கதவு சாத்தப்படும் முன் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட வேண்டும். வணிகர்களுக்கும் மதப்பணியாளர்களுக்கும் மூடிய எல்லை ஒரு தடையே இல்லை. 2018 இல் வந்த விரிவாக்கம் விசுவாசம் என்ற கணக்கைக் கொண்டுவந்த பிறகு, என் முதுகுக்குப் பின்னால் வந்து குந்தும் எதிராளி நகரம் பெரும்பாலும் தானே கலகம் செய்து விழுந்துவிடுகிறது. மொன்டெசூமாவிடம் நான் இழந்த ஆற்றங்கரையை இந்தப் பதிப்பில் இழந்திருக்க மாட்டேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும் இங்கே எல்லை கழுத்தை இறுக்குகிறது: நீரிணைகள். எதிராளியின் நகரம் ஒரு குறுகிய நீரிணையின் கரையில் இருந்தால் என் கப்பல்கள் எல்லாம் குளத்து மீன்களாகிவிடும். அதற்காக மட்டும் நான் தயங்காமல் காசு கொடுக்கிறேன்.

கைத்தொலைபேசியில் ஓடும் யுன்சிவ் என்ற திறந்த மூல விளையாட்டையும் சொல்ல வேண்டும். ஐந்தாம் பதிப்பின் விதிகளைத் தழுவியது; பழைய அன்ரொய்ட் தொலைபேசியிலும் பற்றரியை அதிகம் தின்னாமல் ஓடும். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது மடிக்கணினி மூடியே கிடந்தது. மாங்குளத்து வீட்டு விறாந்தையில் நான் விளையாடியது இதைத்தான். அதிலும் எல்லை திறப்பு வணிகத் திரையில் ஒரு பண்டமாகவே கிடக்கிறது. படங்களும் இசையும் குறைந்த அந்தச் சின்னத் திரையில், எதிராளியின் முகம் பெரிதாக வந்து மிரட்டாததால், நான் எடுத்த முடிவுகள் வழமையைவிட நிதானமாக இருந்தன என்பதை ஒரு சாட்சியாகவே சொல்கிறேன்.

இப்போது அக்காவின் மகன் பல்கலைக்கழகத்தில். விடுமுறைக்கு வந்தால் இருவரும் ஒரே கணினியில் மாறி மாறி ஒரே நாட்டை ஆளுகிறோம். சென்ற கிழமை ஐந்தாம் பதிப்பில் எகிப்து எங்கள் கிழக்கு அயலவன். பண்பாட்டை மலைபோலக் குவித்தவனும் அவனே. தன் எல்லையைத் திறப்பதற்கு எங்கள் எல்லையையும் திறக்கும்படி கேட்டான். எங்கள் நிலத்தில் இரண்டு தொல்லியல் இடங்கள் இன்னும் தோண்டப்படாமல் இருந்தன. "குடுப்பம் மாமா, ஆனா முதல்ல எங்கட ரெண்டையும் கிண்டி முடிப்பம்" என்றான் மருமகன். இரண்டு அகழ்வாளர்களை உருவாக்கி அந்த இடங்களைத் தோண்டி முடிக்கும்வரை எகிப்தைக் காக்க வைத்தோம், பிறகு திறந்தோம். உடன்படிக்கை முடிய இன்னும் ஒன்பது சுற்று இருக்கிறது. அந்த இருவருக்கும் பிறகு புதிதாக உருவாக்கிய எங்கள் அகழ்வாளர் எகிப்தின் பாலைநிலத்தில் நிற்கிறார், எகிப்தின் பீரங்கிகள் எங்கள் வீதியில் நிற்கின்றன.