ஓஎல்இடியா எல்இடியா: நம்ம வீட்டுப் பாவனைக்கு எது தாங்கும்?

கல்முனையிலோ மட்டக்களப்பு டவுனிலோ டிவி பார்க்கப் போனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டிருப்பார்கள். கண் ஓஎல்இடியில்தான் நிற்கும். அதன் கறுப்பு அப்படி. ஆனால் எத்தனை வருசம் உழைக்கும் என்பதை நம்ம வீட்டுப் பழக்கம்தான் சொல்லும்.

எல்இடி என்று விற்பது உண்மையில் எல்சிடி. திரைக்குப் பின்னால் விளக்குப் பட்டிகள் எரியும். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும். எரிய எரியத் தேயும். நிறத்துக்கு நிறம் தேய்வு வேறுபடும். காலையில் போட்ட செய்திச் சனல் படுக்கும்வரை ஓடுகிற வீட்டில், மூலைச் சின்னமும் அடியில் ஓடும் பட்டையும் ஒரே இடத்தைத் தேய்த்துத் தழும்பாகப் பதிந்துவிடும். டிவிகளைச் சோதித்து எழுதும் கனடாவின் ஆர்டிங்ஸ் இணையத்தளம் 2018 இல் ஆறு ஓஎல்இடிகளை நாளுக்கு 20 மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்த்தது. செய்திச் சனல் ஓடியவற்றில்தான் தழும்பு பலமாக விழுந்தது.

அதற்காக எல்லா எல்இடியும் நல்லதென்று இல்லை. விளிம்பில் மட்டும் விளக்கு வைத்த மெல்லிய டிவிகளில் உள்ளிருக்கும் தகடுகள் சூட்டில் வளைந்து விரிசல் விடுவதைப் பிந்திய சோதனைகள் காட்டின. நம்ம வெக்கைக்கு மெல்லிசு ஒரு பெருமையில்லை. பின்புறம் முழுக்க விளக்குள்ளதாக வாங்குங்கள். வாங்கியதும் பளிச்சென்று காட்டும் ‘விவிட்’ அமைப்பை மாற்றி, பின்விளக்கின் ஒளியான ‘பேக்லைட்’டைக் குறையுங்கள். பல டிவிகளில் ‘பிரைட்னஸ்’ என்பது கறுப்பின் அளவை மட்டும் மாற்றும், அதைக் குறைப்பதால் ஆயுள் கூடிவிடாது.

பெரிய சிக்கல் பிளக்கில். மின்னலுக்குப் பயந்து ஐப்பசி, கார்த்திகையில் பிளக்கைக் கழற்றுகிறோம். அது சரியான பழக்கம்தான், 2022 மின்வெட்டுக் காலத்தில் இன்னும் இறுகிப்போனது. எல்இடிக்கு அதனால் நட்டமில்லை. ஓஎல்இடியோ சேர்ந்து நாலு மணித்தியாலமளவு ஓடியபின், ரிமோட்டால் நூத்தி வைத்திருக்கும்போதுதான் தேய்மானத்தைத் தானே சரிசெய்யும். சுவரில் சுவிட்சைத் தட்டிவிட்டால் அந்த வேலை நடக்காது. தழும்பு சீக்கிரம் விழ இதுவும் காரணம். ரிமோட்டால் நூத்தி, கொஞ்ச நேரம் விட்டுக் கழற்றினால் போதும். ஆனால் இடி முழங்கும்போது யார் காத்திருப்பார்?

பழுதிலும் வித்தியாசம் உண்டு. சத்தம் வந்து படம் வராத எல்இடியில் போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் போனது விளக்குப் பட்டிதான், திருத்துகிற கடையில் மாற்றலாம். ஓஎல்இடித் தழும்புக்குத் திரையான பெனலையே மாற்ற வேண்டும், செலவு கிட்டத்தட்டப் புது டிவிக்காசு.

கல்லடி, மருதமுனை போன்ற கரையோர வீடுகளில் உப்புக்காற்று இரண்டின் இணைப்புகளையும் ஒரேமாதிரி அரிக்கும். ஜன்னலுக்கு நேரே மாட்டாதீர்கள்.

என் தெரிவு: சனலும் கிரிக்கெட்டும் நாள் முழுக்க ஓடுகிற கூட்டுக் குடும்பத்துக்கு எல்இடி. ராத்திரியில் லைட்டை நூத்திப் படம் பார்க்கிற ஒருவருக்கு ஓஎல்இடி, காசிருந்தால்.

கடையில் காட்சிக்கு வைத்ததைக் கழிவுவிலையில் தந்தால் எல்இடியை யோசிக்கலாம். ஓஎல்இடி என்றால், முழுச் சாம்பல் நிறப்படமும் முழுச் சிவப்புப் படமும் யூஎஸ்பியில் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். கடையின் விளம்பரச் சின்னம் நிழலாகத் தெரிந்தால் விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.