ரன்னிமீட் விமானப்படை நினைவிடம் - கண்டிப்பா போங்க

இங்கிலாந்துல சர்ரேல, தேம்ஸ் ஆத்த பாத்த மாதிரி கூப்பர்ஸ் ஹில் மேல இருக்கு, டிக்கெட்லாம் கிடையாது. ரெண்டாம் உலகப்போர்ல உயிர விட்டவங்க, கல்லறைனு ஒண்ணுகூட இல்லாத 20,000க்கும் மேல விமானப்படை ஆளுங்க பேர கல்லுல வெட்டி வச்சிருக்காங்க, 1953ல ராணி எலிசபெத் திறந்து வச்சது.

ஒடுக்கமான ஜன்னல், அதோட பக்கவாட்டு கல்லுல வரிசையா பேரு, வெளிச்சம் சாய்வா விழறப்போ எழுத்து ஒவ்வொண்ணும் தனியா தெரியுது, விரல் வச்சு தடவிப் பாத்தேன், தொண்டை அடச்சிருச்சு.

243ம் பேனல்ல நூர் இனாயத் கான், போர்ல பிரிட்டனோட ரகசிய ஏஜென்டா இருந்தவங்க, நம்ம திப்பு சுல்தான் வம்சம், 1944ல ஜெர்மனில நாஜிகளோட டாஹாவ் முகாம்ல கொன்னுட்டாங்க. காமன்வெல்த் போர் கல்லறை ஆணையத்தோட சைட்ல பேர தேடி பேனல் நம்பர் எடுத்துட்டு போங்க, இல்லனா தேடியே நேரம் போயிரும். பராமரிப்பு அவ்ளோ சுத்தம்.