பேரிங் போடப் போய் 1,850 ரூபாயும் போச்சு, கத்தியும் போச்சு

நேற்று ராத்திரியே எழுத உட்கார்ந்தேன். வெறும் வசவாகத்தான் வந்தது. காலையில் ஒரு காபி குடித்துவிட்டு எழுதுகிறேன், இப்போதும் பெரிய வித்தியாசமில்லை.

ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை. மிளகுக் கொடி கட்டுகிற கயிறு அறுக்க, சாக்குப் பிரிக்க, மடக்குக் கத்தி எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். அலுமினியக் கைப்பிடி, ஆறு வருஷப் பழக்கம். பிளேடு திரும்புகிற ஆணிக்கு இரண்டு பக்கமும் பாஸ்பர் பிரான்ஸ் என்கிற வெண்கல வாஷர், அரை மில்லிமீட்டர் கனம்தான். அது தேய்ந்து பிளேடு லேசாக ஆடியது. அவ்வளவுதான் கோளாறு.

சேலத்தில் கத்தி, டூல்ஸ் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். அந்தத் தம்பி என் கத்தியை வாங்கி, பனியன் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "ஆறு வருஷம் இப்படி வச்சிருக்கீங்களாண்ணா?" என்றான். அங்கேயே விழுந்துவிட்டேன். அப்புறம் தன் கத்தியை என் கையில் கொடுத்தான். ஒரு விரல் பட்டதும் டக்கென்று திறந்தது. "வாஷரெல்லாம் பழசுண்ணா. செராமிக் பேரிங் போட்டுடலாம், தண்ணியில கிடந்தாலும் துரு பிடிக்காது." பேரிங் என்றால் வாஷருக்குப் பதிலாகப் போடுகிற, சின்னச் சின்ன உருண்டைகள் கோத்த வளையம். செராமிக் என்றால் அந்த உருண்டைகள் இரும்பில்லை, பீங்கான் மாதிரிப் பொருள்.

பில் கேட்டேன். "பில் எதுக்குண்ணா, நான் இங்கதானே இருக்கேன்" என்றான். டீ வேறு வாங்கிக் கொடுத்தான். 1,850 ரூபாய் கொடுத்தேன்.

பத்து நாள் வெண்ணெய் மாதிரி போனது. மலையில் மூடுபனி இறங்கியது, நறநறவென்று ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் உருண்டையெல்லாம் பழுப்பு. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் காட்டினேன், ஒன்று விடாமல் போய் ஒட்டிக்கொண்டன. செராமிக் உருண்டை போய்க் காந்தத்தில் ஒட்டுமா?

அதைவிடக் கொடுமை ஒன்று. பேரிங் வாஷரைவிடக் கனம் என்பதால் கைப்பிடியின் இரண்டு பக்கமும் உள்ளே குடைந்திருக்கிறான். உருண்டைக்கும் அலுமினியத்துக்கும் நடுவே கடினமான ஸ்டீல் வாஷர் ஒன்று வைக்க வேண்டும், வைக்கவில்லை. உருண்டைகள் உருண்டு உருண்டு வட்டமாகத் தடம் விழுந்துவிட்டது. பிளேடு முன்னைவிட அதிகமாக ஆடுகிறது. பழைய மாதிரி வாஷர் போடலாம் என்றால் அது பள்ளத்துக்குள் போய் உட்காருகிறது.

போன் போட்டால் முதல் தடவை, "எஸ்டேட் தூசிண்ணா." இரண்டாவது தடவை, "பையன் போட்டது, கேட்டுச் சொல்றேன்." போட்டோ அனுப்பினேன், இரண்டு நீல டிக், பதில் இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி நேரில் போனால், "ஓனர் வெளியூர்" என்கிறான். போன தடவை ஓனர் நான்தான் என்று சொன்னதே அவன்தான்! கடைசியில், "ஒரிஜினல் செராமிக் போட இன்னொரு 900 ஆகும்" என்றான். ஏற்கெனவே கொடுத்த 1,850 எதற்காம்?

வாங்கப் போகிறவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், நேரமில்லை. செராமிக் என்றால் பணம் கொடுக்கும் முன் காந்தம் வைத்துப் பாருங்கள். வாஷருக்காகச் செய்த கத்தியைக் குடைய விடாதீர்கள். மண்ணிலும் பலாப்பாலிலும் புழங்குகிற கத்திக்கு வெண்கல வாஷரே போதும், முதலில் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், புழங்கப் புழங்க வழவழப்பாகும். கழற்றிய பழைய வாஷரைக் கையோடு கேட்டு வாங்குங்கள், நான் வாங்கவில்லை. பில்லும்.

பஸ் வந்துவிட்டது. அந்தக் கடைக்குத்தான் போகிறேன், காந்தம் பையில் இருக்கிறது.