விஸ்கான்சினில் மான் வேட்டைக்கு ஏணிப் பரணும் தீவனப் பயிரும்: பல பருவங்கள் பயன்படுத்திய அனுபவம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் மேற்குப் பக்கத்தில், ஓக் காட்டை ஒட்டிய அரை ஏக்கரில் மான்களுக்குத் தீவனம் விதைத்து, அதன் ஓரத்தில் 15 அடி ஏணிப் பரண் கட்டிப் பல பருவங்கள் ஆகிவிட்டன. புதிதாகத் தொடங்குபவர்கள் எந்த விதை, எந்தப் பரண் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது மண்ணையும் காற்றையும்தான்.

பரணின் இரும்புச் சட்டம் இன்னும் உறுதியாக இருக்கிறது. ஆங்காங்கே துரு, அவ்வளவுதான். கெட்டுப்போவது மரத்தோடு இறுக்கிக் கட்டும் ராட்செட் பட்டைகள். வெயில் படும் பக்கம் சாயம் வெளுத்து, விரலால் தேய்த்தால் நூல் பொடிப்பொடியாக உதிரும். அணிலும் கடித்து வைக்கும். அதனால் பருவம் முடிந்ததும் பட்டையைத் தளர்த்திவிடுகிறேன், இல்லையென்றால் மரம் பருக்கும்போது இழுபட்டு நைந்துவிடும். ஆகஸ்டில் புதுப் பட்டை. செப்டம்பர் நடுவில் வில் வேட்டை தொடங்கிவிடுமே!

ஆஷ் மரத்தில் மட்டும் பரண் கட்டாதீர்கள். எமரால்டு ஆஷ் போரர் என்ற வண்டு 2008-இல் இந்த மாநிலத்தில் கண்டறியப்பட்டது. அது துளைத்த மரம் சீக்கிரமே பட்டு, முறியும் பக்குவத்துக்கு வந்துவிடும். அப்புறம், ஹார்னஸ், அதாவது விழாமல் தாங்க உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை. தரையிலிருந்து உச்சிவரை ஒரு பாதுகாப்புக் கயிறு கட்டி, அதில் ப்ரூசிக் முடிச்சோடு (நகர்த்தினால் நகரும், பாரம் விழுந்தால் இறுகிக்கொள்ளும்) ஹார்னஸை மாட்டிக்கொண்டுதான் ஏறவேண்டும். துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல், மேலே போனபின் தனிக் கயிற்றில் இழுத்துக்கொள்ளுங்கள். இதில் சமரசமே கூடாது.

இனி பயிர். விதைக்குமுன் மண் பரிசோதனை செய்தேன். மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 6-க்குக் கீழே, அதாவது புளிப்பாக இருந்தது. க்ளோவர் என்ற தீவனச் செடிக்கு 6-இலிருந்து 7 வரை வேண்டும். சுண்ணாம்பு போட்டால் வேலைசெய்ய மாதக்கணக்கில் ஆகும், ஆகவே முந்தைய இலையுதிர் காலத்திலேயே போட்டுவிடுவது நல்லது. வெள்ளை க்ளோவரை மார்ச்சில் தூவினேன். இரவில் உறைந்து பகலில் இளகும் மண் வெடிப்புவிடும், விதை தானாக உள்ளே இறங்கிவிடும், உழவே வேண்டியதில்லை. ஆகஸ்டு கடைசியில் ரை, கோதுமை போன்ற ஒரு தானியப் பயிர். கடைகளில் மான் படம் போட்ட பையில் விற்கும் விதைக் கலவைகளைவிட, தானியக் கடையில் வாங்கும் சாதாரண ரை எனக்கு நன்றாகவே பலன் தந்தது. பனி விழுந்த பிறகும் பச்சையாக நிற்கும்.

நிலத்தின் நடுவில் கம்பிவலையைச் சுருட்டி ஒரு சின்னக் கூண்டு வைத்திருக்கிறேன். உள்ளே க்ளோவர் முழங்காலை எட்டும்போது, வெளியே கணுக்கால் உயரம்கூட இருக்காது. மான்கள் எவ்வளவு மேய்கின்றன என்பதை அதை வைத்தே கணித்துவிடலாம்.

நவம்பரில், நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும் 9 நாள் துப்பாக்கிப் பருவத்தில், இங்கே பெரும்பாலும் வடமேற்குக் காற்று. ஆகவே என் வாடை மான்களிடம் போகாதபடி பரண் தென்கிழக்கு மூலையில். காற்று திரும்பினால் அன்றைக்கு ஏறுவதில்லை. பயிருக்குள் நடக்காமல் ஓடை வழியாகவே போய்வருகிறேன்.

தானியத்தைக் குவித்து வைத்து மானை இழுப்பது எனக்குப் பிடிக்காது. மான்களை மெலியவைத்துக் கொல்லும் சி.டபிள்யூ.டி. நோய் இந்த மாநிலத்தில் 2002-இல் தெரியவந்தது. அது எச்சில் வழியாகவும் பரவும் என்பதால் பல கவுண்டிகளில் (மாவட்டங்களில்) தீனி குவிக்கத் தடை இருக்கிறது. விளையும் பயிர் அந்தத் தடையில் வராது. ஆனாலும் உங்கள் கவுண்டி விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மறுபடி வாங்குவதானாலும் ஏணிப் பரண்தான், இருக்கை மட்டும் அகலமாகப் பார்ப்பேன். ஒரு மூலையில் டர்னிப் என்ற கிழங்குப் பயிரும் போட்டிருந்தேன். அதை ஒரே இடத்தில் தொடர்ந்து போட்டால் நோய் தங்கிவிடும், எனவே இந்த வருடம் அந்த மூலையிலும் ரைதான்.