மெர்லின் செயலி: செம்பட்டைச் சிறகியிடம் ஒரு சோதனை

பறவைகளை அடையாளம் காட்ட அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் தரும் மெர்லின் செயலிக்குக் காசு கிடையாது, விளம்பரத் தொல்லையும் இல்லை. மீன்கொத்தியையும் செண்பகத்தையும் அது சரியாகச் சொல்லிவிடும். ஆனால் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பறவைகளைக் கொடுத்துப் பார்த்தால்தான் அதன் உண்மையான திறமை தெரியும். அதற்குச் சீழ்க்கைச் சிறகிகள் என்ற வாத்து வகை நல்ல உரைகல்.

நம் ஏரிகளில் கூட்டமாகக் காண்பது சிறிய சீழ்க்கைச் சிறகி. பெரிய சீழ்க்கைச் சிறகிக்கு ஆங்கிலத்தில் ஃபல்வஸ் விஸ்லிங் டக் என்று பெயர். ஃபல்வஸ் ஆங்கிலத்திலேயே அரிதாகப் புழங்கும் சொல். தலைமுடிக்கும் விலங்கின் தோலுக்கும் சொல்வார்கள். நாம் செம்பட்டை முடி என்கிறோமே, ஏறக்குறைய அந்த நிறம். இந்தியாவில் இந்தப் பறவை மேற்கு வங்கம், அசாம் பக்கம்தான் அதிகம், தெற்கே அரிது. டெக்சஸ், லூயிசியானா நெல்வயல்களிலும் ஆப்பிரிக்காவிலும் இருப்பது இதே இனம். இத்தனை தூரம் பிரிந்து வாழ்ந்தும் துணையினங்கள் உருவாகவில்லை என்பது வியப்புக்குரியது.

செயலியின் கேள்வி-பதில் வழி ஐந்து படிகள் கொண்டது: இடம், தேதி, உருவ அளவு, நிறம், என்ன செய்துகொண்டிருந்தது. நிறத்தில்தான் சிக்கல். மூன்று நிறங்கள் வரை தேர்ந்தெடுக்கலாம். பழுப்புக்கு ஒரு கட்டம், செந்நிறத்துக்கு ஒரு கட்டம். இந்தப் பறவையோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒன்றை மட்டும் தொட்டால் பட்டியலில் அது கீழே போய்விடலாம். இரண்டையும் தொடுங்கள், விலாவில் வெளிர் கோடுகள் பளிச்சென்று தெரிந்தால் மூன்றாவதாக வெள்ளையையும் சேருங்கள். சிறியது சுமார் 40 செ.மீ., ஏறக்குறைய காகத்தின் அளவு. பெரியது 45 முதல் 53 செ.மீ. வரை. தனியாக நிற்கும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது, பக்கத்தில் வேறு பறவை இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

நிறத்தை நம்பக்கூடாது என்பதற்கு வலுவான காரணம் வெளிச்சம். அதிகாலை, அந்தி வெயிலில் சிறிய சிறகியும் செம்பட்டையாகத் தெரியும். படம் எடுத்துச் செயலியிடம் கொடுத்தாலும் அதே மயக்கம்தான். ஆகவே படத்தில் மூன்று இடங்கள் தெளிவாக விழ வேண்டும். முதலாவது தலை: சிறியதற்கு உச்சியில் கருமையான தொப்பி, கண்ணைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையம். பெரியதற்குத் தலை முழுக்க ஒரே செம்பட்டை, பிடரியில் ஒரு கரிய கோடு இறங்கும். அடுத்தது விலா: பெரியதில் வெண்மை கலந்த நீண்ட இறகுகள் வரிசையாகத் தெரியும், சிறியதில் அவை அவ்வளவு எடுப்பாக இருக்காது. மூன்றாவது, இருப்பவற்றிலேயே உறுதியான அடையாளம், வாலின் மேல்பகுதி. பறந்து போகும்போது பின்னாலிருந்து பாருங்கள். அங்கே வெண்பிறை போல இருந்தால் பெரியது, செங்காவியாக இருந்தால் சிறியது. தண்ணீரில் மிதக்கும் பறவையில் இது இறக்கைக்குள் மறைந்துவிடும். அதனால் ஒரு படத்தோடு நிறுத்தாமல், கூட்டம் தானாக எழும்பும் வரை காத்திருங்கள், கிளப்பி விடாதீர்கள். படத்தைக் கொடுக்கும்போது பறவை சட்டத்தை நிரப்பும்படி பெரிதாக்குங்கள். உச்சிவெயிலில் நீர்ப்பரப்பிலிருந்து எழும் கானல் ஓரங்களைக் குழப்பிவிடும், அந்த நேரத்துப் படங்களால் பயனில்லை.

2021-ல் சேர்த்த ஒலி அடையாளம்தான் இந்தச் செயலியின் அருமையான பகுதி. அந்தப் பகுதிக்கான பறவைத் தொகுப்பை முன்பே இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத ஏரிக்கரையிலும் வேலை செய்யும். தொகுப்பு பெரியது, வைஃபையில் இறக்குவதே நல்லது. சிறகிகள் பறக்கும்போது ஓயாமல் சீழ்க்கை அடிக்கும் என்பதால் அந்தி நேரம் பதிவுக்கு ஏற்றது. போனின் மைக்கை விரலால் மூடாதீர்கள், காற்றுக்கு முதுகு காட்டி நின்று உடம்பாலேயே மறையுங்கள். ஒலி அலைப்படம் திரையில் ஓடும்போது பெயர் வந்தால், அதைத் தொட்டு மாதிரிப் பதிவோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். பெரிய கூட்டத்தில் ஒன்றிரண்டு மட்டும் வேறு இனமாக இருந்தால் அந்தக் குரல் அமுங்கிப்போகும். அங்கே ஒலியை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

இன்னொரு முக்கியமான விஷயம்: கேள்வி-பதில் வழியில் மெர்லின் இடத்தையும் தேதியையும் வைத்து, பறவை பார்ப்போர் தாங்கள் கண்டதைப் பதிவிடும் இ-பேர்ட் தளத்தின் பதிவுகளின் துணையோடு, எது வரக்கூடும் என்று கணிக்கிறது. தமிழ்நாட்டில் நின்று கேட்டால் சிறிய சிறகியையே முதலில் நீட்டும். பெரும்பாலும் அதுவே சரியும் கூட. ஆனால் அரிதான பறவை உண்மையிலேயே வந்து நின்றால் இதே கணிப்பு குறுக்கே நிற்கும். முதல் பெயரோடு நிறுத்தாமல் பட்டியலைக் கீழே தள்ளி, இரண்டு இனங்களின் படங்களையும் பாருங்கள்.

புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்குகிறவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறோம். தெற்கே பெரிய சீழ்க்கைச் சிறகி என்று இ-பேர்டில் பதிவிடுவதானால், செயலி சொன்னது என்று மட்டும் எழுதாதீர்கள். வாலின் மேல்பகுதி தெரியும் படத்தை இணையுங்கள். படம் இல்லையென்றால் தலை, விலா, வால் மூன்றையும் நீங்கள் பார்த்தபடி எழுதுங்கள்.