முன்பல்லுக்கு எது: பாண்டிங்கா, வெனீரா, வெளுப்பா, கம்பியா?

கல்யாணத் தேதி குறித்த கையோடு பல்லையும் சரிபண்ணிக்கொள்வது கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலும் செந்தூலிலும் இப்போது சாதாரணமாகிவிட்டது. மண்டபத்துக்கு முன்பணம், ஒப்பனைக்கு முன்பணம், அடுத்தது பல் கிளினிக். அங்கே போய் உட்கார்ந்ததும் கேட்பது, "டாக்டர், வெனீர் எவ்வளவு?" வெனீர் என்பது பல்லின் முன்பக்கத்தில் ஒட்டுகிற மெல்லிய தகடு. என் கணக்கில் அந்தக் கேள்வி கடைசியாகக் கேட்க வேண்டியது. குறை நிறத்திலா, வடிவத்திலா, பல் நிற்கும் இடத்திலா என்று தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும். மீதிக்கு, எந்த வழியில் சொந்தப் பல் குறைவாகத் தேயும் என்று பார்த்தால் போதும்.

முனை உடைந்த பல், சின்ன இடைவெளி, ஒன்று மட்டும் குட்டையாக நிற்பது போன்றவற்றுக்கு நான் முதலில் பாண்டிங்கைத்தான் சொல்வேன், அதாவது பல் நிறப் பிசினை ஒட்டி வடிவம் கொடுப்பது. பாஸ்பாரிக் அமிலக் கூழை எனாமல் என்ற பல்லின் மேலோட்டின் மேல் தடவி, அரை நிமிடத்துக்குள் கழுவிவிடுவார்கள். பளபளப்பாக இருந்த இடம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி மங்கிப்போகும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சொரசொரப்பில்தான் பசை இறங்கிப் பிடிக்கிறது. மைக்கேல் புவோனகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1955-இல் எழுதிவைத்த உத்தி இது. இன்றைக்கும் அடிப்படை அதுதான். பிறகு காம்போசிட் என்ற அந்தப் பல் நிறப் பிசினை அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல விளக்கில் இறுக்கி, மெருகேற்றுவார்கள். பெரும்பாலும் ஊசி வேண்டாம், ஒரே நாளில் வேலை முடியும். ஓரம் உடைந்தால் அந்த இடத்தை மட்டும் ஒட்டிக்கொள்ளலாம்.

இதன் பலவீனம் கறை. காலையில் கோப்பி ஓ, மாலையில் தே தாரிக், நடுவில் நாசி கண்டார் என்று ஓடுகிற வாய்க்கு, ஒட்டின இடம் சில வருஷங்களில் மஞ்சளாகத் தொடங்கும். வெற்றிலை போடுகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பொதுவாக ஐந்து முதல் பத்து வருஷத்துக்குள் புதுப்பிக்க வேண்டிவரும். ஐஸ் கட்டியைக் கடிக்கிறவர்களுக்கும் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்களுக்கும் அதற்கும் முன்பே.

பீங்கான் வெனீரில் கறை எளிதில் ஏறாது. 10, 15 வருஷம் தாங்கும். ஆனால் அதைப் பொருத்த வழக்கமாக 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை எனாமலைச் சீவுவார்கள். சீவின எனாமல் திரும்ப வளராது. இருபத்தைந்து வயதில் நல்ல பல்லின் மேல் வெனீர் போட்டால், எழுபது வயதுக்குள் இரண்டு மூன்று முறையாவது மாற்ற வேண்டியிருக்கும். விற்கிறவர்கள் அந்தச் செலவைச் சேர்த்துச் சொல்வதில்லை. சின்ன வயதில் டெட்ராசைக்ளின் என்ற மருந்து சாப்பிட்டதால் பல்லுக்குள்ளேயே சாம்பல் பட்டை விழுந்தவர்களுக்கும், எனாமலே சரியாக உருவாகாதவர்களுக்கும் வெனீர் நியாயமான வழி. மற்றவர்கள் முதலில், "டாக்டர், எவ்வளவு எனாமல் எடுப்பீங்க?" என்று கேட்டுவிட வேண்டும். பல் முழுவதையும் மூடும் உறையான கேப் போடப் பல்லைச் சுற்றிலும் இன்னும் அதிகமாகச் செதுக்குவார்கள். ரூட் கேனல் செய்து வலுவிழந்த பல்லுக்கு அது சரி, அழகுக்காக மட்டும் வேண்டாம்.

குறை நிறம் மட்டும் என்றால் பெராக்சைடு வெளுப்பு போதும். கொஞ்ச நாள் பல் கூசும், பிறகு சரியாகிவிடும். பலர் கோட்டை விடுவது வரிசையில்தான். காம்போசிட்டும் பீங்கானும் வெளுக்காது. முதலில் பாண்டிங், அப்புறம் வெளுப்பு என்று போனால் சுற்றியுள்ள பல் வெளுத்து, ஒட்டின துண்டு மட்டும் பழைய நிறத்தில் தனியாகத் தெரியும். ஆகவே வெளுப்புதான் முதலில். அது முடிந்த மறுநாளே ஒட்டவும் கூடாது. பல்லில் தங்கிய ஆக்சிஜன் பசையைச் சரியாக இறுகவிடாது, நிறமும் நிலைக்க வேண்டும். இரண்டு வாரம் விடுவது வழக்கம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஓடி வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உதைக்கும்.

நிறம் பார்க்கும் நேரமும் முக்கியம். வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் உலர்ந்து, இருப்பதைவிட வெளுப்பாகத் தெரியும். அதனால் நல்ல மருத்துவர் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே, எச்சில் ஈரத்தோடு நிற அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவார். அட்டையிலேயே ஆக வெளுப்பானதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், மேடையில் முதலில் பல் தெரியும், அப்புறம்தான் மாப்பிள்ளை.

பல் கோணலாகவோ ஒன்றின் மேல் ஒன்று ஏறியோ இருந்தால் கம்பி, அல்லது அலைனர் என்ற கழற்றி மாட்டும் ஒளிபுகும் உறைதான். மாதக்கணக்கு ஆகும், பலருக்கு ஒரு வருஷமும் தாண்டும். அகலமான இடைவெளியும் அப்படித்தான். பாண்டிங்கில் அடைத்தால் முன்பல் இரண்டும் பெரிதாகத் தெரியும்.

தனியார் கிளினிக்கில் பாண்டிங் பொதுவாக ஒரு பல்லுக்குச் சில நூறு வெள்ளி. பீங்கான் வெனீர் ஆயிரத்தைத் தாண்டும். அழகு நிலையத்திலும் ஹோட்டல் அறையிலும் அதற்கும் மலிவாக "வெனீர்" ஒட்டுகிறவர்கள் பல் மருத்துவர்களே இல்லை. 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ள 2018 பல் மருத்துவச் சட்டப்படி அது குற்றம். விளிம்பு சரியாகப் பொருந்தாத தகட்டுக்கு அடியில் உணவு தங்கிச் சொத்தை விழும், ஈறு வீங்கும். மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் மருத்துவரின் பெயரைத் தேடிப் பார்க்கலாம், அந்த வருஷத்துக்கான தொழில் சான்றிதழையும் கிளினிக்கில் காட்டச் சொல்லலாம்.